எந்த நேரத்தில் அழைக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

தொலைபேசியில் ஒருவரை எப்போது அழைப்பது முறை என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இந்த இதழில் பகுதி முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரே பொருளில் வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நானும் என் கணவரும் கும்பகோணத்தில் இருக்கிறோம். மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலும், மகள் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலும் குடும்பத்தோடு வசிக்கிறார்கள். ஆண்டு முழுவதும் காலை 8 மணிக்குத்தான் மகனை அழைக்கிறேன். சில மாதங்களில் நன்றாகப் பேசுகிறான்; சில மாதங்களில், "தூங்கப் போகிறேன் அம்மா, நாளைக்குப் பேசலாமா?" என்று வைத்துவிடுகிறான். நான் பேசுவது மருமகளுக்குப் பிடிக்கவில்லையோ என்று மனம் சஞ்சலப்படுகிறது. எல்லோரும் சேர்ந்து பேசவும் நேரம் அமைவதில்லை.
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அம்மா, மருமகளைச் சந்தேகிப்பதற்கு முன் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம்தான்; ஆனால் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்து, நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைப் பழையபடி திருப்பிவிடுகிறார்கள். ஆகையால் நியூ ஜெர்சி நமக்குக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. நீங்கள் அழைக்கும் காலை 8 மணி என்பது ஜனவரியில் உங்கள் மகனுக்கு முந்தைய நாள் இரவு 9.30, ஜூன் மாதத்திலோ இரவு 10.30. மறுநாள் அதிகாலையில் எழுந்து வேலைக்கு ஓட வேண்டிய ஒருவருக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய வேறுபாடு. கோடை மாதங்களில் நீங்கள் 7 மணிக்கே அழைத்தால் குறை தீர்ந்துவிடும்.

இந்த வழக்கம் நமக்கு முற்றிலும் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, இந்தியாவிலும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அது நீடிக்காததால், ஆண்டுக்கு இருமுறை நேரம் மாறும் என்ற நினைப்பே நமக்கு இல்லாமல் போயிற்று. அமெரிக்காவிலும் எல்லா இடங்களும் மாறுவதில்லை. ஹவாயில் மாற்றம் கிடையாது, அரிசோனாவின் பெரும்பகுதியிலும் கிடையாது. கலிபோர்னியாவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்குக் கணக்கு வேறு: அங்கே வித்தியாசம் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம், கோடையில் பன்னிரண்டரை. நம் காலை 8 மணிக்கு அங்கே மாலை ஆறரை அல்லது ஏழரை ஆகியிருக்கும். அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும் அந்த வேளையில் யாராலும் நிதானமாகப் பேச முடியாது. லண்டனில் மாற்றம் நிகழ்வது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில். எனவே மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று வாரங்கள் அமெரிக்கா மாறியிருக்கும், இங்கிலாந்து மாறியிருக்காது. இரண்டு நாடுகளிலும் உறவினர் உள்ளவர்கள் குழம்புவது அப்போதுதான்.

உங்கள் மகளின் ஊரில் பருவம் தலைகீழ். சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பார்கள். மற்ற மாதங்களில் நாலரை. இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 9 மணிக்கு மகளை அழைத்தால் அங்கே நள்ளிரவு கடந்து ஒன்றரையோ இரண்டரையோ ஆகியிருக்கும். பிற்பகல் 2.30 மணி நல்ல நேரம். அங்கே மாலை 7 அல்லது 8 ஆகியிருக்கும். (மகள் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தால் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும், அங்கே நேரத்தை மாற்றுவதில்லை.)

எல்லோரும் சேர்ந்து பேசுவதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை 6.30 மணிக்கு நீங்கள் அழைத்தால், நியூ ஜெர்சியில் சனிக்கிழமை இரவு 8 அல்லது 9 மணி. சிட்னியில் ஞாயிறு முற்பகல் 11 மணி அல்லது நண்பகல் 12. எந்த மாதமானாலும் இதற்குள்தான் அடங்கும், மூன்று வீடுகளிலும் விடுமுறை நாள்தான். காப்பி குடித்துவிட்டு உட்காருங்கள். அது அமையாத வாரங்களில் மகனோடு தனியாகப் பேச, நம் சனிக்கிழமை காலையும் ஞாயிற்றுக்கிழமை காலையும் ஏற்றவை. அவருக்கு அவை வெள்ளி இரவும் சனி இரவும். நம் திங்கள்கிழமை காலையைத் தவிருங்கள். அது அவருக்கு ஞாயிறு இரவு, மறுநாள் வேலையைப் பற்றிய நினைப்பு தலைக்கேறும் வேளை.

கேள்வி: என் கணவர் துபாயில் கட்டட வேலை செய்கிறார். நான் அழைக்கும்போதெல்லாம் எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறார். எப்போது அழைத்தால் அவரால் மனம்விட்டுப் பேச முடியும்?
– சிவகங்கை வாசகி

பதில்: துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது, சவூதி, கத்தார், குவைத் ஆகியவை இரண்டரை மணி நேரம். இந்த நாடுகளில் கோடைக்கு நேரம் மாறுவதில்லை என்பதால் கணக்கில் சிக்கல் இல்லை. சிக்கல் அவருடைய நாளில் இருக்கிறது. கட்டட வேலைக்குச் செல்பவர்கள் விடியும் முன்பே பேருந்தில் ஏறிவிடுவார்கள். பகலில் தளத்தில் கைப்பேசியை எடுத்துப் பேசினால் மேற்பார்வையாளரின் கண்டிப்புக்கு ஆளாக நேரும். மாலையில் அறைக்குத் திரும்பியதும் குளியலுக்கும் சமையலுக்கும் வரிசையில் நிற்க வேண்டும். அறையிலும் உடன் தங்கியிருப்பவர்கள் உறங்குவார்கள் அல்லது கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு வார்த்தையில் அவர் முடித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

கோடையில் ஒரு சிறு வாய்ப்பு உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நேரடி வெயிலில் செய்யும் வேலைகளைப் பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரை நிறுத்திவைக்க வேண்டும் என்பது சட்டம். நமக்கு அது பிற்பகல் 2 முதல் 4.30 வரை. ஆனால் அந்த இடைவேளையில் கண்ணயர்ந்தால்தான் அவரால் மீதி வேலையைச் செய்ய முடியும் என்பதால், அந்நேரத்தை நீங்களாக எடுத்துக்கொள்ளாமல், அவர் விரும்பினால் அழைக்கட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. அன்றாடச் செய்திகளைக் குரல்பதிவாக அனுப்பி வையுங்கள். பேருந்தில் வரும்போது கேட்டுக்கொள்வார். வார விடுமுறை நாளில், அது ஞாயிறானாலும் வெள்ளியானாலும், அவர் துணி துவைத்து முடித்தபின் ஒரு மணி நேரத்தை உங்கள் இருவருக்குமாக ஒதுக்கச் சொல்லுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகச் செய்திகள் போகுமே தவிர, குரல் அழைப்புக்கு அங்கே தடை இருந்துவருவதால், அனுமதி பெற்ற செயலி எதை அவர் பயன்படுத்துகிறார் என்று கேட்டு அதையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். "எடுக்கவில்லை" என்று நீங்கள் வருந்திய நாட்களில் சில இதனாலும் நேர்ந்திருக்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 26. முன்கூட்டிச் செய்தி அனுப்பாமல் அழைப்பது நாகரிகமில்லை என்பது என் நண்பர்களின் எண்ணம். நானும் அப்படியே நடந்துகொள்கிறேன். "பெரியப்பாவுக்குப் போன் போடுவதற்கு அனுமதி கேட்டு மனு போடுவாயா?" என்று அப்பா கோபிக்கிறார். யார் சொல்வது சரி?
– கோவை வாசகர்

பதில்: இருவரும் அவரவர் காலத்துக்குச் சரியாகவே பேசுகிறீர்கள், ஆனால் காலம் மாறியதன் காரணத்தை இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை.

உங்கள் தாத்தா காலத்தில் வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில்தான் முதலில் வந்தது. அது நம் தெருமுனைப் பூத் வரை பரவிய காலத்திலும், இரவு 11 மணிக்கு மேல் கால்பங்குக் கட்டணம்தான் என்றிருந்ததால், உறவினரை இரவு 11 மணிக்கு எழுப்புவதை யாரும் தவறாக எண்ணவில்லை. பூத் வாசலில் கூட்டம் நின்றது, எதிர்முனையில் பாதித் தூக்கத்தில் எழுந்தவரும் மகிழ்ந்தார். கைப்பேசி வந்த புதிதில் அழைப்பவர் மட்டுமன்றி அழைக்கப்பட்டவரும் நிமிடத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2003-இல்தான் அந்த முறை ஒழிந்தது. அதுவரை ஒருவரைத் தேவையின்றி அழைப்பது அவருடைய சட்டைப்பையில் கைவிடுவதற்கு நிகராக இருந்தது. ஆக, எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதை அன்று பெருமளவில் தீர்மானித்தது கட்டண அட்டவணைதான். செலவைப் பார்த்துத் தயங்கியவர்கள், அவசியமான செய்தி இருந்தால் மட்டுமே அழைத்தார்கள். அதனால்தான் மணி அடித்தால் ஓடிப்போய் எடுக்கும் பழக்கம் உங்கள் அப்பாவின் தலைமுறைக்கு ஊறிப்போயிருக்கிறது.

இன்று எவ்வளவு பேசினாலும் தனிக்கட்டணம் இல்லை என்பதால் அழைப்பவருக்கு எந்தத் தடையும் இல்லை. செலவு முழுவதும் எடுப்பவருடைய கவனத்தின் மேல் விழுகிறது. அவர் கூட்டத்தில் இருக்கலாம், இருசக்கர வண்டியில் போய்க்கொண்டிருக்கலாம், குழந்தையை அப்போதுதான் தூங்க வைத்திருக்கலாம். எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குக்கூட அவர் கைவேலையை விட வேண்டியிருக்கிறது. உங்கள் தலைமுறை முன்செய்தி அனுப்புவது இந்தச் செலவைக் குறைப்பதற்காகவே என்பதால் அந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதை அரைகுறையாகச் செய்பவர்களே அதிகம். "பேசலாமா?" என்று ஒற்றைச் சொல் அனுப்பினால் எதிராளிக்கு நெஞ்சு படபடக்கிறது, என்ன ஆயிற்றோ என்று அவரே பதறி அழைக்கிறார். "வாடகை ஒப்பந்தம் குறித்துப் பத்து நிமிடம் பேச வேண்டும், அவசரமில்லை, இன்று மாலை எப்போது ஓய்வாக இருப்பீர்கள்?" என்று விஷயம், கால அளவு, அவசரம் ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டால் அவரால் அமைதியாகப் பதில் சொல்ல முடியும்.

பெரியப்பாவைப் பொறுத்தவரை உங்கள் அப்பா சொல்வதே சரி. வாட்ஸ்அப் செய்தியை நாளுக்கு ஒருமுறை மூக்குக் கண்ணாடியைத் தேடியெடுத்துப் படிக்கும் ஒருவருக்கு முன்செய்தி அனுப்புவது உங்கள் மன நிறைவுக்கு மட்டுமே உதவும். அவரை நேரடியாக அழைத்து, மணி ஏழெட்டு முறை அடிக்கும் வரை பொறுத்திருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து வர நேரமாகும். எடுத்தவுடன், "பெரியப்பா, இப்போது பேசலாமா, சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்க நேரத்தையும், மாலையில் தொடர் பார்க்கும் நேரம் இருந்தால் அதையும் தவிருங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில் அழைப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் அனுமதி என்ற பேச்சே எழாது. அந்த நேரத்தில் அவரே தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்திருப்பார்.

கேள்வி: மகளுக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகம் பொருந்தியிருப்பதைப் பிள்ளை வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ராகுகாலம், எமகண்டம் பார்த்துத்தான் அழைக்க வேண்டுமா? அலுவலகம் போகும் எனக்கு ஞாயிறு மாலைதான் ஓய்வு.
– திருநெல்வேலி வாசகர்

பதில்: உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பதைவிட அவர்களுக்கு இருக்கிறதா என்பதே இங்கே முக்கியம். நம்பிக்கை உள்ள வீட்டில் ராகுகாலத்தில் மணி அடித்தால், நல்ல செய்தியானாலும் சங்கடத்தோடுதான் கேட்பார்கள். நம்பிக்கை இல்லாத வீட்டில் அதைத் தவிர்த்து அழைப்பதால் எந்தக் குறையும் வராது. ஞாயிறு ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை, எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை. ஊரே ஓய்வாக இருக்கும் நேரத்தில் ராகு வந்து உட்கார்ந்துகொள்வது நம் துரதிருஷ்டம். விளக்கேற்றிய பின், ஆறரை மணிக்கு மேல் அழையுங்கள். மகளின் சம்மதத்தை அதற்கு முன் கேட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: சென்ற மாதம் என் மாமனார் இரவு ஒன்றரை மணிக்குக் காலமானார். உறவினர்களை உடனே எழுப்பிச் சொல்வதா, விடியட்டும் என்று காத்திருப்பதா என்று வீட்டில் கருத்து வேறுபாடு எழுந்தது. உடனே சொல்லப்பட்டவர்களில் சிலர் பதறிப்போனார்கள். காலையில் சொல்லப்பட்டவர்களில் சிலர் மனத்தாங்கல் கொண்டார்கள்.
– தஞ்சாவூர் வாசகி

பதில்: உங்கள் குடும்பத்தாருக்கு என் ஆழ்ந்த இரங்கல்.

நெருக்கத்தை அளவுகோலாக வைத்து முடிவு செய்யப் போனால் மனத்தாங்கல் வந்தே தீரும். அந்த நேரத்தில் எழுப்பப்படுபவர் உடனே ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கொள்ளி வைக்க வேண்டிய மகன், முதல் பேருந்தையோ விமானத்தையோ பிடித்தால்தான் முகம் பார்க்க முடியும் என்ற தொலைவில் இருக்கும் மகள், இரவிலேயே வந்து துணையிருக்க வேண்டிய உள்ளூர் உறவினர் ஆகியோரைத் தயக்கமின்றி எழுப்பலாம். மற்றவர்களுக்குக் காலை ஐந்தரை மணிக்கு மேல் சொன்னால் போதும். இரவு முழுவதும் விழித்திருந்து அழுவதைத் தவிர அவர்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தனியாக வசிக்கும் முதியவர், இதய நோயாளி ஆகியோருக்கு நேரடியாகச் சொல்லாமல், பக்கத்து வீட்டாரிடமோ அவர் வீட்டு இளையவரிடமோ முதலில் சொல்லி, அவர் உடனிருக்கும்போது செய்தி சேரட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களை, இரவாயிற்றே என்று கடைசியாக வைக்காதீர்கள். நமக்கு இரவு 2 மணி ஆகும்போது நியூயார்க்கில் பிற்பகல் மூன்றரை அல்லது நாலரை. அவர் விழித்திருப்பார், பயணச்சீட்டு எடுக்கவும் அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பவும் அவருக்குத்தான் நேரம் மிகவும் தேவை. ஆனால் எடுத்தவுடன் செய்தியைச் சொல்லிவிடாதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்டு, ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

உறங்குபவரை எழுப்பும்போது இன்னொன்றை நினைவில் வையுங்கள். ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியிலேயே அதிகம். அதிலிருந்து திடீரென்று எழுப்பப்பட்டவருக்குச் சில நிமிடங்கள் எதுவும் தெளிவாக விளங்காது. ஆகவே முதலில் உங்கள் பெயரையும், "நாங்கள் நலம்" என்பதையும் சொல்லிவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்பதை நேரடியாகச் சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் அவர் தம் பிள்ளைகளை எண்ணி நடுங்குவார். கைப்பேசியை, மணி அடிக்காமல் தடுக்கும் "தொந்தரவு செய்யாதே" என்ற அமைப்பில் வைத்துவிட்டு உறங்குபவர்களும் உண்டு. அப்படியானால், எடுக்கவில்லை என்று விட்டுவிடாமல் உடனே இரண்டாம் முறை அழையுங்கள். ஐபோனில் மூன்று நிமிடங்களுக்குள்ளும், பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பதினைந்து நிமிடங்களுக்குள்ளும் அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால், மணி அடிக்கவிடும் வசதி அந்த அமைப்பிலேயே இருக்கிறது. இந்த வழி இருப்பதாலேயே, சாதாரண நாட்களில் எடுக்காதவரை அடுத்தடுத்து அழைப்பதை நாம் கைவிட வேண்டும்.

கேள்வி: கடன் தவணை இரண்டு மாதம் தவறிவிட்டது. வசூல் முகவர்கள் காலை ஆறரைக்கும் இரவு ஒன்பதுக்கும் அழைக்கிறார்கள். கேட்க ஆளில்லையா?
– சேலம் வாசகர்

பதில்: உண்டு. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. அழைப்பு வந்த நாள், நேரம், எண் ஆகியவற்றைக் குறித்து, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரங்களுக்கு 14448. விளம்பர அழைப்புகளால் தொல்லைப்படுபவர்கள் 1909-க்கு அழைத்துத் தங்கள் எண்ணைப் பதிவு செய்யலாம். தவணையைக் கட்ட வேண்டியது வேறு விஷயம். அதற்கு இவை விலக்கு ஆகா.

கேள்வி: நான் மருத்துவமனைச் செவிலியர். இரவுப் பணி முடிந்து காலை 9 மணிக்கு மேல்தான் உறங்குவேன். பதினொரு மணிக்கு உறவினர்கள் அழைக்கிறார்கள். எடுக்காவிட்டால், "சம்பாதிக்கிறாள் என்ற கர்வம்" என்கிறார்கள்.
– வேலூர் வாசகி

பதில்: உங்களுக்குக் காலை 11 மணி என்பது அவர்களுக்கு இரவு 2 மணி. இதை அவர்கள் தாமாக உணர்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பகலில் உறங்குவதைச் சோம்பலாகவே கருதிப் பழகிய ஊர் நம்முடையது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இரவு ஷிப்ட் பார்க்கும் தொழிலாளர்களுக்கும் இதே குறைதான்.

ஆகையால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். பணிப்பட்டியல் வந்ததும், இரவுப் பணி நாட்களைக் குறித்துக் குடும்பக் குழுவில் அனுப்பிவிடுங்கள். "இந்த நாட்களில் மாலை 5 மணிக்கு மேல் அழையுங்கள், பேச ஆவலாக இருப்பேன்" என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். அழைக்காதே என்று மட்டும் சொன்னால் கர்வம் என்பார்கள். எப்போது அழைக்கலாம் என்று சொன்னால் அழைத்துப் பேசுவார்கள். உறங்கும்போது கைப்பேசியைத் தொந்தரவு செய்யாதே அமைப்பில் வைத்து, அம்மா, கணவர், குழந்தையின் பள்ளி, மருத்துவமனை ஆகிய எண்களுக்கு மட்டும் விலக்கு அளியுங்கள். மறுபடி அழைப்பவருக்கு மணி அடிக்கும் வசதியை அணைத்துவிடலாம். உண்மையான அவசரம் என்றால் உறவினர்கள் உங்கள் கணவரை அழைத்துவிடுவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 11 மணிக்கே அழைக்கும் ஓர் அத்தை எந்தக் குடும்பத்திலும் இருப்பார். மாலையில் எழுந்ததும் முதல் அழைப்பாக நீங்களே அவரை அழைத்துவிடுங்கள். அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அது மட்டும்தான்.